பிரேக் பேடைத் தின்ற வலது கால்

சரவணம்பட்டியில் பஸ் நின்றபோதுதான் எனக்கு அது பொறிதட்டியது. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு பின்வாங்கித் திரும்ப, இரண்டு பக்கமும் ஹாரன் சத்தம். நான் ஜன்னலோரம். எனக்கு நேர் கீழே ஒரு புல்லட், அதன் பின்னால் இரண்டு பால் கேன். ஓட்டி வந்தவர் இடது காலைத் தரையில் ஊன்றியிருந்தார். வலது கால் வண்டிமேலேயே இருந்தது. அந்தச் செருப்பின் நுனி கியர் லீவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. கியர் மாற்றவில்லை, மாற்றப் போவதுமில்லை. மதில்மேல் படுத்த பூனைபோல அது பாட்டுக்குக் கிடந்தது.

இரண்டு மாதமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அந்தச் செருப்பு நுனியில் இருந்தது!

"இறங்கணும், இறங்கணும்!" என்று கத்திக்கொண்டே படிக்கு ஓடினேன்.

"ஏம்மா, ஸ்டாப்பிங் அங்க இருக்குதில்ல? சித்த பொறுத்தா என்னவாம்?" என்றார் கண்டக்டர்.

பொறுக்கிற வயசா அது? குதித்தேன். புல்லட்காரர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, அந்த வலது காலை எப்பவுமே கியர் மேலதான் வெச்சிருப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல், தம் காலைப் பார்த்தார். "இதுங்களா அம்மணி? எனக்கே தெரியலீங்க. இருவது வருசமா ஓட்டறேன், நீங்க கேட்டுத்தான் பாக்கறேன்."

அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் ரோட்டைத் தாண்டி ஓடி, எதிர்ப்பக்கம் வந்த அன்னூர் பஸ்ஸைப் பிடித்தேன். அப்படிப் பிடித்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. அது பிறகு.

போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது எங்கள் சோதனைக்கூடத்துப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். அவர்களிடம் இப்போது ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. பேடை மாட்டிவிட்டால் அது தேய்வதைக் கம்ப்யூட்டரே கோடாக வரைந்து காட்டும். அருமையான இயந்திரம், நானே அதன் முன்னால் சாப்பாட்டு நேரத்தை மறந்து நின்றிருக்கிறேன். மலைப்பாதை பஸ், பதினாறு சக்கர லாரி என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது தவளையைப் பற்றி.

தவளை என்று பெயர் வைத்தவர்கள் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அது ஒரு ஏ.டி.வி. பைக்கைப்போல ஹேண்டில்பார், பைக்கைப்போல சீட், ஆனால் குண்டு குண்டாக நாலு டயர். சேறு, மணல், வரப்பு எதையும் தாவிப் போகும். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் அப்படி ஒரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. தென்னந்தோப்பு வைத்திருந்த சின்னராசு என்பவருக்கு வெளிநாட்டிலிருந்த மச்சான் கப்பலில் அனுப்பிவைத்தார். வண்டி வந்தது, உதிரிபாகம் வரவில்லை. பின்சக்கரத்து பிரேக் பேடு தேய்ந்ததும் அவர் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த எங்கள் கம்பெனிக்கு வந்தார். நாங்கள் பிரேக் பேடு செய்கிறவர்கள்.

நான் டிப்ளமோ முடித்துச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் தூள் கலந்தேன், அச்சில் அழுத்தினேன், அடுப்பில் வேகவைத்தேன், அரைத்துச் சமன் செய்தேன். தும்மினால் கைக்குட்டை கறுப்பாகும். அவ்வளவுதான், அதற்குமேல் அதில் கதை இல்லை. பிறகு தேவசகாயம் சாரின் சோதனைக்கூடத்தில் போட்டார்கள். அங்கேதான் எனக்குச் சிறகு முளைத்தது. அங்கேதான் அதைக் கத்தரிக்கவும் ஆள் இருந்தது.

தேவசகாயம் சார் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "பிலோமினா, கொஞ்சம் வாங்க" என்றால் எல்லாம் நலம். "பிலோமினாங்க, இங்க வாரீங்களாங்க?" என்றால் நான் எங்கோ ஓர் அளவை விட்டிருக்கிறேன் என்று பொருள். 'பேடு சீக்கிரம் தேயுது' என்று அவர் முன்னால் சொல்லக் கூடாது. "சீக்கிரம்னா எத்தனை மில்லிமீட்டருங்க? எத்தனை கிலோமீட்டருக்குங்க?"

புகார் வந்த பேடை அவர் பார்க்கும் முறை இது. முதலில் தூரிகையால் தூசியைத் தட்டிக் காகிதத்தில் பிடிப்பார். வாயால் ஊதினால் தொலைந்தோம். அடுத்து, தட்டான் கடைத் தராசுபோல ஒன்றில் எடை. அடுத்து மைக்ரோமீட்டர், நாலு மூலையிலும் நடுவிலும். உள் பேடு, வெளிப் பேடு என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தால், பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் கோணலாக நகர்கிறது. ஒரு பேடு மட்டும் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகரும் 'பின்' என்ற கம்பி இறுகிவிட்டது. கோடு கோடாக இருந்தால் மண். பளபளவென்று கறுத்திருந்தால் சூடு. இதெல்லாம் பார்த்த பிறகுதான் புகார்ப் படிவத்தைத் தொடலாம். அந்தப் படிவத்தில் ஒரு விசேஷம்: 'ஓட்டுநர் தவறு' என்ற கட்டமே கிடையாது. முன்பு இருந்ததாம், சார்தான் எடுக்கவைத்தாராம். "அந்தக் கட்டம் இருந்தா எல்லாரும் அதைத்தான் நிரப்புவாங்க. வேற எதையும் யோசிக்கமாட்டாங்க."

தவளையின் முதல் ஜோடிப் பேடு இருபது நாளில் தீர்ந்தது. கலவைதான் மிருதுவாக இருக்கிறது என்று நான் முடிவுகட்டி, உலோகத்தூளைக் கூட்டி இன்னொரு ஜோடி செய்தேன். அது பதினாறு நாள்! போதாததற்கு, பேடு கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கையும் அரித்துவைத்தது. தோப்பில் மயில்கூட அந்தக் கிறீச் சத்தத்துக்குப் பதில் சொல்கிறது என்று சின்னராசு புகார் சொன்னார்.

மூன்றாவது ஜோடியோடு நானே தோட்டத்துக்குப் போனேன். வண்டி ஓட்டுகிறவர் ஆறுச்சாமி. நாற்பது வயதிருக்கும். தென்னை ஏறியவர், விழுந்து இடுப்பு பெயர்ந்துவிட்டது. மரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது. ஆறேழு வருடம் முதலாளியின் புல்லட்டில் பால் கொண்டுபோனார். அதை விற்றபின் இந்தத் தவளைதான் அவருக்குப் பிழைப்பு. காய், உரம், ஆட்களுக்குச் சாப்பாடு எல்லாம் அதில்தான் போகும். தோட்டத்துக்குள்ளேயே ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

பழைய பேடுகளை நான் கழற்றும்போது அவர் என் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னார்: "அம்மணி, நான் பிரேக்கே புடிக்கறதில்லீங்க."

"புடிக்கறதில்லையா? பின்ன எப்படி நிறுத்துவீங்க?"

"ஆக்சிலேட்டர உட்டுப்போடுவேன். நிக்கலைன்னா வரப்புல முட்டி நிறுத்திப்போடுவேன். பேடு தேஞ்சா மொதலாளி சத்தம் போடறாருங்க. அதுக்குத்தான்."

சின்னராசு அங்கேயே வந்துவிட்டார். என் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். இவரைப் போன்ற நிலமுதலாளிகளை 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். நான் "வணக்கம் சார்" என்றேன். அவர் நல்ல மனிதர்தான், பொறுமைதான் இல்லை. "இந்தப் பொண்ணு மாத்தி மாத்திப் பேடு செஞ்சு குடுக்குது, அது தேஞ்சுக்கிட்டே இருக்குது. ஏம்ப்பா ஆறுச்சாமி, நான் இல்லாதப்ப அன்னூர்ச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறியா? இந்த ஜோடியும் போச்சுன்னா சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டையும் காலி பண்ணிக்க."

ஆறுச்சாமி கையிலிருந்த ஸ்பேனரை நான் வாங்கவேண்டியிருந்தது, அவர் பிடியை விடவில்லை.

எனக்கு அந்தப் பேடுகள் மறக்கவே மறக்காது. இரண்டும் ஒரே அளவு. எட்டு மூலையும் ஒரே அளவு. ஒரு கீறல் இல்லை. கருப்பட்டிபோலக் கறுத்துப் பளபளத்தன. மண் இல்லை, 'பின்' இறுகவில்லை, சூடு மட்டும். பிரேக் பிடிக்காத வண்டியில் பிரேக் சூடு! அதை யோசித்துக்கொண்டு திரும்பும் வழியில்தான் சரவணம்பட்டி, லாரி, புல்லட், செருப்பு.

புல்லட்டில் கியர் வலது காலுக்கு. தவளையில் வலது காலுக்கு இருப்பது பின் பிரேக் பெடல். ஆறுச்சாமியின் கால் அதைக் கியர் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது! மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதுபோதும், பேடு நாள் முழுக்க டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

இப்போது என் தப்பு. நியாயமாக நான் கம்பெனிக்குப் போய் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்னூர் பஸ்ஸில் தோட்டத்துக்கு ஓடினேன். களத்துமேட்டில் பத்துப் பேர் தேங்காய் உரித்துக்கொண்டிருக்க, சின்னராசு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சிரைக்க நான் கத்தியது இதுதான்: "சார், கண்டுபிடிச்சிட்டேன்! பேடு நல்ல பேடுதான். ஆறுச்சாமி அண்ணன் காலுதான் சார் காரணம்!"

சின்னராசு எழுந்தார். கையை நீட்டினார். "சாவி."

ஒரே ஒரு சொல். ஆறுச்சாமி என்னைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் என்ன கண்டுபிடித்தேன், அதை யார் தலையில் போட்டேன் என்று. "இல்லைங்க சார், நான் சொல்லவந்தது..." என்று இழுத்தேன். உரிப்பவர்களில் ஒருவர் சொன்னார்: "சொல்லிப்போட்டீங்களே அம்மணி, இன்னும் என்ன சொல்லோணும்?"

கெஞ்சி ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் காலை சாரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிலோமினாங்க, உங்களுக்குப் படிவத்துல இல்லாத கட்டத்தை நிரப்பணும்னு தோணிப்போச்சுங்களாங்க?"

ஒரு வரியில் மூன்று 'ங்க'. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு திட்டவில்லை. "அவரு ஒருத்தர் காலா, இல்ல புல்லட் ஓட்டின எல்லார் காலுமா? அளந்தீங்களாங்க?"

அளக்கவில்லை. ஆனால் எப்படி அளப்பது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது! உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஸ்கூட்டர் பிரேக் லைட் சுவிட்ச் ஒன்று வாங்கினேன். பெடல் நூலளவு இறங்கினாலும் எரியும்படி அதை ஒரு ஸ்பிரிங்கோடு கட்டி, ஒரு சிவப்பு பல்பைச் சீட்டுக்குப் பின்னால் மாட்டுவது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மத்தியானமே சாரும் நானும் தோட்டத்தில் இருந்தோம்.

சார் சின்னராசுவைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "நீங்களும் புல்லட் ஓட்டினவருங்களா?"

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? பதினெட்டு வயசுல எடுத்தது. ஊட்டிக்கே ஒரே மூச்சுல போயிருக்கேன்."

"அப்ப ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்களேன். பிரேக் புடிக்காம."

சின்னராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தவளை உறுமிக்கொண்டு பாத்திக்குள் பாய்ந்தது. பல்பு எரிந்தது! முதல் வரிசைத் தென்னையில் எரிந்தது, கிணற்று மேட்டில் எரிந்தது, வளைவில் எரிந்தது, எங்கள் முன்னால் வந்து நிற்கும்வரை எரிந்துகொண்டே இருந்தது. தேங்காய் உரித்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டார்கள்.

"மொதலாளி, கோயமுத்தூரு வரைக்கும் செவப்பாத் தெரியுதுங்க!" என்றார் நேற்று என்னைக் குத்திய அதே ஆள்.

"என்னடா தெரியுது?" என்று திரும்பிப் பார்த்தவருக்குப் பல்பைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். வலது செருப்பின் நுனி பெடல்மேல்தான் இருந்தது. சார் டிஸ்க்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுர்ரென்றது. ஆறுச்சாமி தலையைக் குனிந்து மீசைக்குள் சிரித்தார்.

வென்றுவிட்டேன் என்று நான் குதிக்கப் போனேன். சின்னராசு வேறு மாதிரி யோசித்தார். "செரி, தப்பு அவன்மேல இல்ல. நம்ம பக்கம் ஓட்டத் தெரிஞ்சவன் பூரா புல்லட்காரன்தான். அப்ப இந்த வண்டி நமக்கு ஆகாது. வித்துப்போடறேன்."

போச்சு! வண்டி போனால் ஆறுச்சாமிக்கு வேலை ஏது? பழியிலிருந்து தப்பியவர் மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"ஒரு மாசம் குடுங்க சார்" என்றேன். யோசனை எதுவும் இல்லாமல்தான் சொன்னேன். சின்னராசு, தேவசகாயம் சாரைப் பார்த்தார். சார் சொன்னார்: "ஒரு மாசத்துல புதுப் பேடு பாதிக்கு மேல தேஞ்சா நீங்க வித்துக்கலாமுங்க."

"அதுவரைக்கும் சாவி என்கிட்ட. காலைல குடுப்பேன், சாயந்திரம் வந்துறணும்" என்றார் சின்னராசு.

முதலில் பெடலுக்குப் பலமான ஸ்பிரிங் போட்டேன். நாலு நாள் பல்பு அணைந்திருந்தது; ஐந்தாம் நாள் அந்த ஸ்பிரிங்குக்குத் தக்கபடி ஆறுச்சாமியின் காலும் கனத்துவிட்டது. பல்பு மறுபடி சிவந்தது. தகரத்தை வளைத்துப் பெடலுக்குத் தடுப்பு வைத்தேன். கால் அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. ஆறுச்சாமி தம் காலைத் தாமே திட்டினார். "நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குதுங்க. பொழுதன்னிக்கும் அது கியரத்தான் தேடுது. அதுக்கு ஒரு கியர வாங்கிக் குடுத்துப்போட்டா செரியாப் போயிருமுங்க!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டேன்.

"அண்ணா! இன்னொரு தடவ சொல்லுங்க!"

"அட, சும்மா சொன்னனுங்க அம்மணி."

மறுபடி உக்கடம். உடைந்த புல்லட் ஒன்றின் கியர் லீவர். எங்கள் வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார்: "எதுக்குமே ஆகாத லீவரையா பத்தவைக்கச் சொல்ற? கியர்பாக்ஸ் எங்க கண்ணு?" கியர்பாக்ஸே கிடையாது! பெடலைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்து, அதற்கு வெளியே ஒரு விரல் உயரம் கூட்டி, அந்தச் செத்த லீவரை ஃபிரேமில் அசையாமல் பத்தவைத்தோம். கால் வந்து அதன்மேல் சுகமாகப் படுத்துக்கொள்ளட்டும். பிரேக் வேண்டுமென்றால் தெரிந்தே தூக்கி உள்ளே வைக்க வேண்டும்.

ஆறுச்சாமி ஏறி உட்கார்ந்தார். செருப்பு நுனி தானாகப் போய் லீவரைக் கண்டுபிடித்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு சுற்று போய் வந்தார். பல்பு எரியவே இல்லை. நான் சந்தேகப்பட்டு பல்பைக் கழற்றி வேறு பல்பு போட்டேன். அதுவும் எரியவில்லை!

சார் அத்தோடு விடுவாரா? "எத்தனை சுத்துங்க?" வண்டியில் மீட்டர் இல்லை. ஆறுச்சாமி ஒரு பால்பவுடர் டப்பாவை ஹேண்டில்பாரில் கட்டி, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாரம் ஒருமுறை நான் போய் எண்ணி எடுத்துவருவேன். மூலைக்கு மூலை அளவும் எடுப்பேன். ஒவ்வொரு தடவை மைக்ரோமீட்டரைத் திருகும்போதும் அவர் மனைவி வாசலில் இருந்து எட்டிப் பார்ப்பார்; நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் உள்ளே போய்விடுவார்.

மாசக் கடைசியில் சின்னராசு முன்னாலேயே பேடைக் கழற்றினோம். சார் தூசி தட்டினார், எடை போட்டார், அளந்தார். நான் எழுதினேன். ஐந்து இடத்திலும் தேய்மானம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை; பாதிக்கு இன்னும் வெகுதூரம். நிறம் வெந்த செங்கல்போல் அப்படியே இருந்தது. சார் அந்தக் காகிதத்தைச் சின்னராசுவிடம் நீட்டினார். அவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பேடைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்தார்.

"ஆறுச்சாமி, இத நீயே வெச்சுக்க. தெனமும் வந்து நிக்க வேண்டாம்."

ஆறுச்சாமி சாவியை வாங்கி இடுப்பில் செருகினார். இத்தனை நாள் முதலாளி முன்னால் தலைநிமிராத மனிதர். தொண்டையைச் செருமினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"மொதலாளி, ஒரு கம்ப்ளெய்ண்ட்டுங்க."

"என்னடா?"

"காலு இப்பச் சுகமாப் படுத்துக்குதுங்க. எந்திரிக்கவே மாட்டேங்குது. அதனால எல்லா பிரேக்கும் கையிலதான் புடிக்கறேன். இப்ப முன்சக்கரத்துப் பேடு தேயுதுங்க. சீக்கிரமா தேயுதுங்க!"

சின்னராசு குனிந்து முன்சக்கரத்தை முறைத்தார். தேவசகாயம் சார் மட்டும் அமைதியாகக் கேட்டார்: "சீக்கிரம்னா எத்தனை மில்லிமீட்டருங்க, ஆறுச்சாமி?"

"அது அம்மணிக்குத்தானுங்க தெரியும்."

அம்மணி ஏற்கெனவே தரையில் படுத்து, முன்சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டியாகிவிட்டது. ஹேண்டில்பாரில் இருந்த கை பிரேக் லீவருக்கும் ஒரு சுவிட்ச், இன்னொரு பல்பு. இந்தத் தடவை பச்சை.